அழலும் ஆறுதலும்: தோற்காயம் மூடும் விதமும் அடங்காத தழும்பும்

நம் தாயாரின் காது மடல்களில் விளிம்பு நெடுகிலும் வரிசையாகத் துளைகள் இருந்தன. அலுக்கத்து அணிவதற்கென்று குழந்தைப் பருவத்திலேயே குத்தப்பட்ட துளைகள் அவை. தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் மூத்த தலைமுறையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்கள் பலருக்கு அத்தகைய காதுகள் உண்டு. நாஞ்சில் நாட்டின் பிற சமூகத்து மூதாட்டியர் பாம்படம் அணிந்து காதை வளர்த்தனர். நம் இல்லத்துப் பெண்கள் காதை நிறைத்தனர். நூல் கோத்து, எண்ணெய் தடவி, நாள்தோறும் நூலை நகர்த்தி ஆற்றிய அத்துளைகளில் ஒன்றிலேனும் தழும்பு தடித்திருந்ததாக நாம் கண்டதில்லை.

அத்தாயாரின் பேத்தி, நம் தமக்கையின் மகள், பதினேழாம் வயதில் மேல்மடலில் ஒரே ஒரு துளை இட்டுக்கொண்டாள். கடையொன்றில் விசைக்கருவியால் இடப்பட்ட துளை அது. சில வாரங்கள் சீழ் கட்டியது, பிறகு ஆறியது. நான்காம் மாதம் அவ்விடம் அரிக்கத் தொடங்கித் தடித்தது. ஓராண்டில் அது நெல்லிக்காய் அளவாயிற்று. ஒரு மருத்துவரிடம் சென்று அறுத்து அகற்றினார்கள். ஆறே மாதத்தில் முன்னினும் பெரிதாக அது மீண்டும் வளர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், ‘இது பரவுமா? புற்றுநோயா?’ என்று அடுத்த அறையில் பேசிக்கொண்டது அவள் செவியிலேயே விழுந்தது. அன்று மாலை அவள் நம்மிடம் கேட்டாள்: “மாமா, உம்மும்மா காதில் பத்துத் துளை. எனக்கு ஒன்றுதான். என் உடம்பு மட்டும் ஏன் இப்படி?”

அரபி இலக்கணமும் ஹதீஸும் போதிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நம்மிடம் அக்கேள்விக்கு விடை இல்லை. அறிந்த மருத்துவர்களை அணுகிக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நாம் தெரிந்துகொண்டவற்றை இங்கு முறைப்படுத்தித் தருகின்றோம். இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் கேட்கப்படாமல் கிடக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

சொற்களில் பொதிந்த அறிவு

மருத்துவ நூல்களுக்குள் புகுமுன் நம் இரு மொழிகளின் சொற்களைச் சற்றுக் கவனிப்போம். காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பதை அரபியில் ‘இல்திஹாப்’ என்பர். ‘லஹப்’ என்னும் தீச்சுடரிலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் அதனையே ‘அழற்சி’ என்கிறோம். ‘அழல்’ என்றால் நெருப்பு. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கைக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. காயம் குணமாவதைத் தமிழர் ‘ஆறுதல்’ என்றனர். சூடு தணிவதும் ஆறுதலே. சினம் தணிவதும் ஆறுதலே. காயத்தின் இரு விளிம்புகளும் ஒன்றுகூடுவதை அரபியர் ‘இல்திஆம்’ என்றனர். இணைதல் என்பது அதன் வேர்ப்பொருள். எஞ்சி நிற்கும் அடையாளம் நமக்கு ‘வடு’, அவர்களுக்கு ‘நத்பா’. வள்ளுவரும் 129-ஆம் குறளில் புண்ணையும் வடுவையும் வெவ்வேறு சொற்களாகப் பிரித்தே ஆள்கிறார்.

முதலில் ஒரு நெருப்பு மூள்கிறது, அது தணிகிறது, பிளந்தது கூடுகிறது, ஓர் அடையாளம் எஞ்சுகிறது. இன்றைய உயிரியல் சொல்லும் வரலாறும் இதுவே. நம் மருமகளின் காதில் நிகழ்ந்தது, அந்த நெருப்பு தணியாமற்போனதுதான். அதனை விளங்கிக்கொள்ள, நெருப்பு முறையாகத் தணிவது எவ்வாறென்று முதலில் காண்போம்.

ரப்பர் மரம் தரும் பாடம்

தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது புறத்தோல். அது ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத் தானே முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் கீழே அமைந்தது அடித்தோல். இரத்தக் குழாய்கள், நரம்புகள், மயிர்க்கால்களின் வேர்கள், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் உறுதியான நார்ப்பின்னல் அது. அந்நாரின் பெயர் கொலாஜன்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால் வெட்டுவோரைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். கைதேர்ந்த தொழிலாளி பட்டையை மெல்லச் சீவுவார். உள்ளிருக்கும் மரத்தைக் கத்தி தொடாதவாறு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைப்பார். அடியிலுள்ள வளர்படலம் பிழைத்திருந்தால் பட்டை சமமாக மீண்டும் வளரும். சில ஆண்டுகள் கழித்து அதிலேயே பால் வெட்டலாம். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகவே மூடும். மரம் தன் காயத்தை மூடிக்கொண்டது உண்மை. ஆனால் பழைய பட்டையைத் திரும்பப் பெறவில்லை.

மனிதத் தோலிலும் அத்தகைய ஆழ எல்லை ஒன்று உண்டு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் இடுப்புத் தோலில் படிப்படியாக ஆழம் கூடும் கீறல் ஒன்றை இட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 0.56 மில்லிமீட்டர் ஆழம் வரை, அதாவது தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, வடுவின்றி ஆறியது. அதற்கு மேல் ஆழ்ந்த பகுதியில் வடு எஞ்சியது. முழங்கால் சிராய்ப்பு சுவடின்றி மறைவதும், அரிவாள்மணை வெட்டு கோடாக நிலைப்பதும் இதனாலேயாகும். ஆழ்ந்த காயத்தை உடல் பழுதுபார்க்கிறது, பழையபடி படைத்துக்கொள்வதில்லை. நோய்க்கிருமி உள்ளே புகுமுன், இரத்தம் வடிந்து தீருமுன், வாசலை விரைந்து அடைப்பதே அதன் முதல் நோக்கம். வடு என்பது அந்த விரைவுக்கு நாம் செலுத்தும் விலை.

கருவிலிருக்கும் குழந்தையின் நிலை வேறு. ஏறத்தாழ 24 வாரங்கள் வரை கருவின் தோலில் ஏற்படும் காயம் வடுவின்றி ஆறுகிறது. அங்கே அழற்சி மிகக் குறைவு. நெருப்பு எவ்வளவு சிறிதோ, வடுவும் அவ்வளவு சிறிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆறுதலின் நான்கு படிகள்

காயம் ஆறுவதை மருத்துவர்கள் நான்கு படிகளாகப் பிரிப்பர். ஒன்று முடிந்துதான் மற்றொன்று தொடங்கும் என்பதில்லை. ஒன்றன் இறுதியில் அடுத்தது கிளைக்கும்.

முதற்படி இரத்தம் நிற்றல். வெட்டுண்ட குழாய்கள் சில நொடிகளில் சுருங்குகின்றன. இரத்தத் தட்டுகள் என்னும் நுண்துகள்கள் ஓடிவந்து வாயை அடைக்கின்றன. இரத்தத்தில் கரைந்திருந்த புரதம் ஃபைப்ரின் என்னும் இழைகளாகி வலை பின்னுகிறது. நாம் பொருக்கு என்று அழைப்பது காய்ந்துபோன இவ்வலையே. உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காயத்திலிருந்து குருதி நில்லாது வடிந்தபோது, அன்னார் மகளார் பாத்திமா (ரலி) பாயை எரித்து அச்சாம்பலை வைத்து நிறுத்திய செய்தியை ஹதீஸ் மாணவர்கள் அறிவர். அச்செயல் இம்முதற்படிக்குச் செய்த உதவியாகும். தட்டுகள் அடைப்பதோடு நில்லாமல், டிஜிஎஃப்-பீட்டா முதலான தூதுப் பொருள்களை வெளியிட்டுப் பிற செல்களை அழைக்கின்றன. இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் மீண்டும் வரும்.

இரண்டாம் படி அழற்சி. சில மணி நேரத்திற்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டு மூன்று நாள்களில் பெருவிழுங்கிச் செல்கள் வந்து இறந்த திசுக்களை அகற்றுகின்றன. குப்பை அகற்றுவது மட்டுமன்று இவற்றின் வேலை. அடுத்த படிக்கான கட்டளையையும் இவையே பிறப்பிக்கின்றன. கிருமி எஞ்சியிருந்தாலோ, காயத்தில் அந்நியப் பொருள் கிடந்தாலோ, திரும்பத் திரும்ப அசைத்துக் கிள்ளினாலோ இந்நெருப்பு நீடிக்கும்.

மூன்றாம் படி வளர்ச்சி. ஏறத்தாழ நான்காம் நாள் முதல் மூன்றாம் வாரம் வரை இது நடைபெறும். புதிய இரத்தக் குழாய்கள் அரும்பும். நார்ச்செல்கள் குடியேறிக் கொலாஜனைச் சுரக்கும். ‘புதுச் சதை வந்துவிட்டது’ என்று நம் வீடுகளில் சொல்லும் சிவந்த துளிர்த் திசு இதுவே. அதன்மேல் புறத்தோல் செல்கள் விளிம்புகளிலிருந்து நகர்ந்து வந்து போர்த்தும். நார்ச்செல்களில் சில தசைபோல் சுருங்கும் ஆற்றல் பெற்று இரு கரைகளையும் இழுத்து நெருக்கும். அரபியர் சொன்ன இல்திஆம் நிகழும் இடம் இதுதான்.

நான்காம் படி சீரமைப்பு. இது ஓராண்டும் அதற்கு மேலும் நீளலாம். அவசரத்தில் அடுக்கிய மூன்றாம் வகைக் கொலாஜன் கரைக்கப்பட்டு, உறுதியான முதல் வகைக் கொலாஜன் இடப்படும். வேலை முடிந்த நார்ச்செல்கள் தாமே மடியும். மிகுதியான இரத்தக் குழாய்கள் மறையும். சிவந்த வடு வெளுத்துத் தட்டையாகும். முதல் வார இறுதியில் காயத்தின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் 3 விழுக்காடு மட்டுமே. மூன்று வாரங்களில் அது 20 முதல் 30 விழுக்காடு வரை உயரும். மூன்று மாதங்களில் 80 விழுக்காட்டை நெருங்கும். அதற்கு மேல் ஏறுவதில்லை. அறுவை செய்துகொண்டவர் பல வாரங்கள் பளு தூக்கலாகாது என்று மருத்துவர் தடுப்பதன் காரணம் இக்கணக்கிலேயே உள்ளது.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

வடுவின் மூலப்பொருளான கொலாஜனின் அமைப்பை உலகிற்கு விளக்கியவர் சென்னையில் பணியாற்றிய அறிஞர் ஒருவர் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தி. கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன், 1952-இல் தம் முப்பதாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். அருகிலேயே 1948-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கொலாஜன் பொருள்கள் அங்கே கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாணையும் அவர் ஆராய்ந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, கொலாஜன் மூன்று புரிகள் சேர்ந்த அமைப்பு என்று காட்டியது. அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்பதை அடுத்த ஆண்டில் அவர்கள் தெளிவுபடுத்தினர். நம் கடற்கரையில் கயிறு திரிப்போரின் கைவண்ணம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் நம் தோலுக்குள் இருக்கிறது.

இக்கயிற்றின் புரிகள் உறுதியாகப் பிணைய வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிடில் என்ன நேரும் என்பதைக் கடற்பயண வரலாறு சொல்கிறது. 1740 முதல் 1744 வரை உலகைச் சுற்றிய ஆங்கிலேயத் தளபதி ஆன்சனின் கப்பலில் ஸ்கர்வி நோய் பரவியது. 1690-ஆம் ஆண்டு பாய்ன் போரில் காயமுற்ற ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயம் புதுப்புண்ணைப் போல் மீண்டும் திறந்துகொண்டதாம். வடு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று. உடல் அதனை ஓயாமல் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டுவதும் பிரிப்பதும் சமமாக இருக்கும்வரை வடு அடங்கிக் கிடக்கும். பிரிப்பது மிகுந்தால் புண் திறக்கும். கட்டுவது மிகுந்தால் தழும்பு வளரும்.

அடங்காத தழும்பு

மிகையாக வளரும் தழும்பு இரு வகைப்படும். முதல் வகை தடித்த தழும்பு. காயம் ஆறிய ஓரிரு மாதங்களில் அது எழும்பும், சிவந்து அரிக்கும், ஆனால் காயத்தின் எல்லையைத் தாண்டாது, ஓரிரு ஆண்டுகளில் தானே அமுங்குவதும் உண்டு. தீப்புண்ணிற்குப் பின் வருவது பெரும்பாலும் இதுவே.

இரண்டாம் வகை கீலாய்டு. அது எல்லையை மதியாது. காயமே படாத அண்டைத் தோலிலும் படரும். மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்தும் தோன்றும். தானே அடங்குவது அரிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் இதற்கு நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். புற்றுநோயை நினைவூட்டும் பெயரொன்றை முதலில் இட்டு, இது புற்றுநோய் அன்று என்பதற்காகவே அவர் அதனை மாற்றினார் என்பது கருதத்தக்கது. பெண் பார்க்க வந்தவர்களின் ஐயத்திற்கு விடை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கீலாய்டு புற்றுநோய் அன்று. தொட்டால் பரவுவதும் அன்று.

இது ஏன் வருகிறது? முன்னர்க் குறிப்பிட்ட டிஜிஎஃப்-பீட்டா என்னும் தூதுப் பொருள் இங்கே தேவை முடிந்த பின்னும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மடிய வேண்டிய நார்ச்செல்கள் மடியாமல் கொலாஜனைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அழற்சியின் கனல் ஆழத்தில் அணையாமல் கிடக்கிறது. இதற்குக் குடும்ப வழித் தொடர்பு உண்டு. 2010-இல் வெளியான ஜப்பானிய மரபணு ஆய்வு மூன்று குரோமோசோம் பகுதிகளை இதனுடன் தொடர்புபடுத்தியது. வெண்ணிறத் தோலினரைவிடக் கருநிறத் தோலினரிடம் இது பன்மடங்கு மிகுதி. பத்து முதல் முப்பது வயது வரை உள்ளோரிடமே பெரும்பாலும் தொடங்குகிறது.

இடமும் ஒரு காரணம். நெஞ்சின் நடு, தோள், மேல்முதுகு, தாடை, காது ஆகியவற்றில் கீலாய்டு மிகுதி. அசைவால் தோல் ஓயாமல் இழுபடும் நெஞ்சிலும் தோளிலும் அவ்விசையே நார்ச்செல்களைத் தூண்டுகிறது. காதில் இழுவிசை குறைவு. அங்கே துளையில் நேரும் தொற்றும், அணிகலனின் ஓயாத உரசலும் கனலை ஊதுகின்றன. மாறாக இமையிலும், உள்ளங்கை, உள்ளங்காலிலும், பிறப்புறுப்புத் தோலிலும் இது மிக அரிது. நம் சமூகத்தில் ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் சுன்னத்து செய்கிறோம்; அக்காயத்தில் கீலாய்டு வளர்ந்ததாக நாம் கேள்விப்படுவதில்லை. ஆனால் அதே குடும்பத்துப் பெண்பிள்ளைக்குக் காதில் வருகிறது. குருதி ஒன்றே, இடம் வேறு.

கத்தியால் மட்டும் தீராது

‘மருந்தின் கடைசி சூடு’ என்பது அரபியரின் பழமொழி. ஸ்பெயினின் குர்துபா நகருக்கருகே வாழ்ந்து 1013-இல் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். அதன் முதல் இயல் சூடிடுதலைப் பற்றியது. குருதிப் பெருக்கை நிறுத்தப் பல நூற்றாண்டுகள் உலகிற்கு அது பயன்பட்டது. எனினும் கீலாய்டின்மீது சூடு வைப்பதும், சுண்ணாம்பு முதலான காரப் பொருள் தடவுவதும், நூல் கட்டி அறுப்பதும் நெருப்பின்மேல் நெருப்பு வைப்பதாகவே முடியும். புதுக்காயம் ஒவ்வொன்றும் பழைய பிழையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் நிகழ்த்தும்.

அறுவைக் கத்திக்கும் இதுவே விதி. வேறு மருத்துவம் சேர்க்காமல் அறுத்து மட்டும் அகற்றினால், நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் முதல் அனைவருக்குமே திரும்ப வரக்கூடும் என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. நம் மருமகளுக்கு நேர்ந்தது விதிவிலக்கன்று. எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. முதலில் அதனை யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பதுதான் நம் வருத்தம்.

இன்று முதல் மருத்துவமாகக் கொள்ளப்படுவது, ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசியால் செலுத்துவது. அது அழற்சியைத் தணித்துக் கொலாஜன் சுரப்பைக் குறைக்கும். வலியுள்ள மருத்துவம், மாதக்கணக்கில் நீள்வது, சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுப்பதும் உண்டு. குளிரூட்டி உறையவைப்பது மற்றொரு முறை. அறுத்தே ஆக வேண்டிய பெருந்தழும்பாயின், அறுத்த பின் ஊசியைத் தொடர்வார்கள். காதுக்கு அழுத்தக் கவ்வி பொருத்துவார்கள். சிலருக்கு அறுவை முடிந்த ஓரிரு நாள்களுக்குள் கதிர்வீச்சுத் தொடங்குவார்கள். ஆறிய காயத்தின்மேல் சிலிக்கோன் மெல்லேட்டை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமேனும் சில மாதங்கள் ஒட்டி வைப்பதும் தழும்பு தடிப்பதைக் குறைக்கப் பயன்படுகிறது. இவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பதைத் தோல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்து ஏழையர்க்கும் எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

அவளுக்கு நாம் சொன்ன விடை

நம் மருமகள் ஊசி மருத்துவத்தைத் தொடங்கி, பின்னர் முறையான அறுவைக்கு உட்பட்டு, கவ்வியும் ஊசியுமாக ஓராண்டைக் கடந்திருக்கிறாள். தழும்பு தட்டையாகியிருக்கிறது, முற்றிலும் மறையவில்லை. திரும்ப வாராது என்று மருத்துவர் உறுதி தரவுமில்லை. ஆயினும் அரிப்பு நின்றுவிட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது.

அவள் கேள்விக்கு நாம் இவ்வாறு விடை சொன்னோம். உம்மும்மாவின் துளைகள் குழந்தைப் பருவத்தில் இடப்பட்டவை. உன்னுடையது பருவ வயதில். 2005-இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, கீலாய்டு வந்தவர்களிடம் விசாரித்து, பதினொரு வயதிற்குப் பின் இட்ட துளைகளிலேயே அது மிகுதியாக வந்ததென்று காட்டியது. அவர் துளைகள் அமைதியாக ஆறின. உன்னுடையது சீழ் கட்டியது. மேலும், நீ அவருடைய பேத்தி மட்டும் அல்லள்; உன் வாப்பாவின் வழியிலும் உனக்கு மரபு உண்டு. ‘மூத்தாப்பாவின் தோளில் அம்மை குத்திய இடத்தில் ஒரு தடிப்பு இருந்தது’ என்று அவளுடைய வாப்பா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். காது குத்துமுன் அதனை யாரும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. பிள்ளைக்குக் காது குத்துமுன், குடும்பத்தின் இரு வழியிலும் இத்தகைய தழும்பு யாருக்கேனும் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில் தேவையற்ற துளைகளையும், தள்ளிப்போடக்கூடிய அறுவைகளையும் தவிருங்கள். தவிர்க்க இயலாத அறுவைக்கு முன் மருத்துவரிடம் அதனைச் சொல்லுங்கள். துளையில் சீழ் கண்டால் மஞ்சளோடு காத்திராமல் மருத்துவம் பாருங்கள். ஆறிய இடம் அரித்துத் தடிக்கத் தொடங்கினால், அது கடுகளவாக இருக்கும்போதே காட்டுங்கள்.

சங்க காலத்து வீரன் மார்பில் ஏற்ற விழுப்புண்ணை அணியாகக் கருதினான். ஒரு பெண்ணின் காதில் தடித்த தழும்பை மட்டும் குறையென்று கருதி நாம் அடுத்த அறையில் பேசுகின்றோம். இரண்டும் ஒரே கொலாஜன் கயிற்றால் முடையப்பட்டவை. உடல் தன்னைக் காத்துக்கொள்ள முனைந்ததன் அடையாளங்களே இரண்டும். ஒன்றில் அது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது, மற்றொன்றில் நிறுத்த அறியாது தொடர்ந்தது. அதில் அப்பெண்ணின் பிழை ஏதுமில்லை.